கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் நாய்

“சிஸ்டர், ரெண்டு நாளா இந்த நாய் கட்டிலுக்கு அடியிலேயே கெடக்கு. வெரட்டி விட்டாலும் திரும்ப வந்து படுத்துக்கிது. ஏதும் கெட்ட சகுனமா?”

வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே மாறும். ஆனால் இந்தக் கேள்வி வராத மாதம் எனக்குக் கிடையாது. திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய் நோய் ஆதரவு சிகிச்சை கொடுக்கும் செவிலியர் நான். இனி குணப்படுத்த வழியில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகள், பக்கவாதத்தில் படுத்த படுக்கையானவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், இவர்களைத்தான் பார்க்கிறேன். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவேன், சிறுநீர்க் குழாய் மாற்றுவேன், டாக்டர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் என்ற வலி மாத்திரையை நேரம் தவறாமல் எடுக்கிறார்களா என்று பார்ப்பேன். படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். நான் போகிற வீடுகளில் ஏதாவது ஒரு வளர்ப்புப் பிராணி இல்லாத வீடு குறைவு. நாய், பூனை, ஆடு, கறவை மாடு, சில வீடுகளில் ஜல்லிக்கட்டுக் காளை.

தன்னை வளர்த்தவர் சாகப்போவது பிராணிக்குத் தெரியுமா? அவர் உடம்பு மாறுவது அதற்குத் தெரிகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு மேல் என்ன தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது என்பதில்தான் எனக்கும் ஊராருக்கும் பேச்சு வேறுபடும். இதை விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு விஷயத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டு பல வீடுகளில் நாயை அடிக்கிறார்கள். சாக்கில் போட்டுக் கட்டி, நான்குவழிச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

மாந்தோப்புக் காவலுக்கு இருந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அறுபது தாண்டியவர். வருடக்கணக்காகப் புகையிலை அடக்கி அடக்கி வந்த கன்னப் புற்று, தோலைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. இந்தப் புண்ணின் வாடை எப்படியிருக்கும் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவிக் கட்டுவோம். வாடை நன்றாகவே குறையும், ஆனால் அடியோடு போகாது. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பாசமானவர்கள்தான். ஆனாலும் அவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார அவர்களால் முடியவில்லை. அது அவருக்கும் தெரியும். அதனால் திண்ணையை ஒட்டிய சின்ன அறைக்கு அவராகவே மாறிக்கொண்டார். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் ஊற்ற மட்டும் மருமகள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார்.

அந்த அறையில் அவரோடு முழு நேரமும் இருந்தது மணி மட்டும்தான். செவலை நிற நாட்டு நாய். தோப்பில் இருந்த காலத்தில் ராத்திரி சுற்றுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போவார்களாம். அவர் படுத்த பிறகும் மணி இருட்டியதும் தானாகவே தோப்புக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விடியும்போது வந்துவிடும் என்று மகன் சொன்னார். நான் கட்டைப் பிரிக்கும்போது மணி எழுந்து நிற்கும். மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்துப் பார்க்கும். நாங்களெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் அது ஆற அமர முகர்ந்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும். எனக்கு அந்த நாயின் மேல் அவ்வளவு மரியாதை வந்தது. மனிதர்கள் யாரும் கொடுக்க முடியாத ஒன்றை அது அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. முகம் சுளிக்காமல் பக்கத்தில் இருப்பது.

ஒரு திங்கட்கிழமை போனபோது அவர் நிலைமை மாறியிருந்தது. பாதம் இரண்டும் சில்லென்று இருந்தன. முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத் திட்டாக ஊதா நிறம் கண்டிருந்தது. சிறுநீர்ப் பையில் காபி நிறத்தில் கொஞ்சம்தான் இருந்தது. மூச்சு வேகமாக ஏறி, மெல்ல இறங்கி, அப்படியே நின்று, நாம் பயந்துபோன பிறகு மறுபடி ஆரம்பிக்கும். இப்படிப்பட்ட மூச்சைக் கேட்டால் எங்களுக்குத் தெரிந்துவிடும். மகனை வெளியே கூப்பிட்டு, “ரெண்டு மூணு நாள்தான் தம்பி. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க” என்றேன். அவர் கேட்டது இதுதான்: “அதான் மணி முந்தாநாளே தோப்புக்குப் போறத நிறுத்திருச்சா சிஸ்டர்?”

சனிக்கிழமையிலிருந்தே மணி அறையை விட்டு நகரவில்லையாம். அதுவரை கால்மாட்டில் படுத்திருந்த நாய், தலைமாட்டுப் பக்கமாகக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. வைத்த சோறு ஈ மொய்த்துக் கிடந்தது. என்னைப் பார்த்தால் எப்போதும் வாலாட்டும், அன்று கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது. சனி, ஞாயிறு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அதனால் நான் கண்ட அறிகுறிகள் எப்போது ஆரம்பித்தன என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் இருந்த எவருக்கும் அவை கண்ணில் படவில்லை. நாய்க்குப் பட்டிருக்கிறது.

எப்படி? நான் மூக்கைத்தான் சொல்வேன். எங்கள் தொழிலில் மூக்கும் ஒரு கருவி. சர்க்கரை நோய் முற்றி, கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறியவரின் மூச்சில் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை வரும். சிறுநீரகம் நின்றுபோனவரின் வாயில் மூத்திர வாடை அடிக்கும். கல்லீரல் கெட்டவரிடம் ஒரு மாதிரி இனிப்பு கலந்த பூஞ்சை வாடை இருக்கும். மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் அறுபது லட்சம் போல இருக்கும் என்கிறார்கள். நாய்க்கு அது இருபது, முப்பது கோடி. அறுபது லட்சத்தை வைத்துக்கொண்டு எனக்கே இவ்வளவு தெரிகிறது என்றால், வருடக்கணக்காக ஒருவரின் காலடியில் படுத்து அவர் வியர்வையையும் மூச்சையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற நாய்க்கு எவ்வளவு தெரியும்! சாகிற உடம்பு சாப்பாட்டை விட்டுவிடுகிறது. கொழுப்பு கரைந்து கீட்டோன் கூடுகிறது. கழிவை வெளியேற்றும் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் மணம் உண்டு.

இது வெறும் ஊகமில்லை. 1989இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு லண்டன் மருத்துவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்ணின் நாய் அவர் காலில் இருந்த ஒரே ஒரு மச்சத்தை மட்டும் ஓயாமல் முகர்ந்துகொண்டிருந்தது. கால்சட்டை போட்டிருந்தாலும் துணிக்கு மேலேயே முகரும். அரைக்கால் சட்டை போட்டிருந்த ஒரு நாள் அதைக் கடித்தே எடுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவரிடம் போனார். அது மெலனோமா, தோல் புற்று. 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இன்னோர் ஆய்வு வந்தது. சிறுநீர்ப்பைப் புற்று உள்ளவர்களின் சிறுநீரை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்துக் காட்ட ஆறு நாய்களைப் பழக்கியிருந்தார்கள். குருட்டாம்போக்கில் காட்டினால் 14 சதவீதம்தான் சரியாக வரும். அவை 41 சதவீதம் சரியாகக் காட்டின. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அந்த ஆய்வுக்கு நடுவில் நடந்த ஒரு சம்பவம். நோயில்லாதவர் என்று எடுத்துக்கொண்ட ஒருவரின் சிறுநீரை எல்லா நாய்களும் திரும்பத் திரும்பக் காட்டின. சந்தேகப்பட்டு அவரை மறுபடி பரிசோதித்தபோது சிறுநீரகத்தில் புற்று இருந்தது தெரிந்தது. மருத்துவர்கள் நல்லபடியாக இருக்கிறார் என்று சொன்ன ஆளை நாய்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டன.

சாவு விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது ஆஸ்கர் என்ற பூனை. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் ஸ்டீர் ஹவுஸ் என்று ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அதன் மூன்றாவது மாடி, மறதி நோய் முற்றியவர்களுக்கான பகுதி. 2005இல் குட்டியாக அங்கே வந்த ஆஸ்கர் ஆட்களோடு அதிகம் ஒட்டாத பூனை. ஆனால் யாராவது ஒருவரின் படுக்கையில் ஏறி, முகர்ந்து பார்த்துவிட்டு, உடம்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் அவர் இறந்துவிடுவார். அங்கே பார்த்துவந்த முதியோர் நல மருத்துவர் டேவிட் டோசா, 2007 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இதைப் பற்றி எழுதினார். அதற்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் சாகும்போது ஆஸ்கர் பக்கத்தில் இருந்திருந்தது. பூனை ஏறிப் படுத்ததும் செவிலியர்கள் குடும்பத்தாருக்குப் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்களாம். 2022இல் ஆஸ்கரும் போய்ச் சேர்ந்தது.

இதைச் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. சாகிறவர்களுக்குக் கதகதப்பான போர்வை போர்த்துவார்கள், பூனைக்குக் கதகதப்புப் பிடிக்கும், அவ்வளவுதான் என்பார்கள். இதை நானும் ஒதுக்கிவிட மாட்டேன். கடைசி நாட்களில் நோயாளி புரள மாட்டார், பேச மாட்டார், அறையில் சத்தம் இருக்காது. பூனை படுக்கத் தேடுகிற இடம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த இல்லத்தில் வேறு பூனைகளும் இருந்தன. போர்வை எல்லாப் பூனைக்கும் ஒரே போர்வைதானே? டோசாவும் சாகும் செல்கள் வெளிவிடும் ஏதோ ஒரு மணத்தைத்தான் ஆஸ்கர் முகர்ந்திருக்கும் என்றே நினைத்தார். நான் பார்த்த வீடுகளை வைத்துச் சொன்னால், பூனை நாயளவுக்கு எனக்குப் புலப்படவில்லை. சில பூனைகள் ஆள் படுத்ததும் சமையற்கட்டுப் பக்கம் ஒதுங்கிவிடும். ஒன்றிரண்டு, மார்மேலேயே ஏறிப் படுத்துக்கொள்ளும். எது எப்படிச் செய்யும் என்று சொல்லவே முடியாது.

மூக்கோடு இன்னொன்றும் உண்டு. நாய் நம்மையும் படித்துக்கொண்டிருக்கிறது. 2022இல் பெல்ஃபாஸ்டில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் சிலரை மனக்கணக்குப் போட வைத்துப் பதற்றப்படுத்தி, அவர்களுடைய வியர்வையையும் மூச்சையும் எடுத்தார்கள். அதே ஆட்கள் அமைதியாக இருந்தபோது எடுத்ததிலிருந்து அதைப் பிரித்துக் காட்டச் சொன்னபோது, நாய்கள் நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் சரியாகக் காட்டின. சாவு நெருங்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுப்பு நேரத்துக்கு எரிவதில்லை. கூடத்தில் யாரோ ஒருவர் ராத்திரி பூராவும் முழித்திருக்கிறார். வெளியூர்க்காரர்கள் வந்து நின்று, கிசுகிசுத்துப் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். மகளின் வியர்வையிலேயே பயம் இருக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது அந்த வீட்டு நாய் எப்போதும்போல எப்படி இருக்கும்?

அப்புறம் ஊளைக்கு வருவோம். நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான், எமன் வருவது நாயின் கண்ணுக்குத் தெரியும் என்பது நம் ஊர்களில் அப்பத்தா காலத்துப் பேச்சு. என் அம்மாவும் சொல்லுவாள். செருப்பைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டால் ஊளை நிற்கும் என்பாள். நாய் ஊளையிடக் காரணம் நிறைய. தூரத்தில் இன்னொரு நாய் கூப்பிடும், 108 வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போகும், கார்த்திகை மாதம் இணை தேடும், தனியாகக் கட்டிப்போட்டால் கத்தும். வருடம் பூராவும் ஏதாவது ஒரு ராத்திரி ஊளை கேட்கத்தான் செய்கிறது. சாவு விழுந்த ராத்திரியில் கேட்டது மட்டும் நம் மனதில் தங்குகிறது. ஆனால் சாவு நெருங்குகிற வீட்டின் நாயே அமைதியிழந்து ஊளையிட்டால், அதில் விஷயம் இருக்கலாம் என்றுதான் நானும் சொல்லுவேன். அது எமனைக் கூப்பிடவில்லை. தன் ஆளின் உடம்பு மாறிவிட்டது என்று அதற்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறது. அதற்குப் போய் அடிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்.

தூரத்துச் சாவை உணர்கிறது என்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு வீட்டில், வளைகுடா நாட்டில் வேலைக்குப் போன மகன் விபத்தில் இறந்த அதே நேரத்தில் இங்கே அவன் வளர்த்த நாய் வாசலில் உட்கார்ந்து அழுதது என்று அவன் அம்மா சொன்னார். அந்த அம்மாவிடம் நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் மாட்டேன். மகனுக்காக அழ, வீட்டில் தன்னைத் தவிர இன்னொரு உயிரும் இருந்தது என்பது அவருக்கு ஆறுதல். ஆனால் என்னைக் கேட்டால், காற்று கொண்டுவராத செய்தி நாய்க்கு வராது. அதற்கு நான் காட்டக்கூடிய சாட்சி, காத்திருக்கும் நாய்கள்தான்.

ஹச்சிகோவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1923இல் பிறந்த ஜப்பானிய அகிதா நாய். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பேராசிரியராக இருந்த ஹிதெசாபுரோ உவேனோ அதை வளர்த்தார். 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்தில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அவர் இறந்துபோனார். இரண்டு பேரும் சேர்ந்திருந்தது ஒன்றரை வருடம்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடத்துக்கு மேல், 1935 மார்ச்சில் சாகும்வரை, ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து அது அவருக்காகக் காத்திருந்தது. அவர் இறந்தது அதற்கு எங்கிருந்தோ தெரிந்திருந்தால் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? யாகிடோரி எனும் கோழிக்கறித் துண்டுகள் விற்கும் கடைகள் அங்கே இருந்தன, சாப்பாட்டுக்காக வந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதன் வயிற்றில் அந்தக் கறி கோக்கும் குச்சிகள் இருந்ததும் உண்மைதான். காத்திருக்கிற ஜீவனுக்கும் பசிக்கும். அதை வைத்து அது காத்திருக்கவே இல்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதேபோல ஒன்றை நானே பார்த்தேன். 2021 மே, கொரோனா இரண்டாம் அலை. மூச்சுத்திணறலோடு ஓர் ஆயாவை 108இல் ஏற்றிக்கொண்டு போனார்கள். மருத்துவமனையிலேயே இறந்துவிட்டார். அப்போதைய நடைமுறைப்படி உடலைப் பொதிந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், வீட்டு வாசலுக்கு வரவில்லை. அவர் வளர்த்த நாய், வண்டி திரும்பிய தெருமுக்கில் போய் உட்கார ஆரம்பித்தது. மழைக்காலம் வந்தும் விடவில்லை. மகள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு சிஸ்டர். நாங்களும் மொகத்தப் பாக்கலையே.”

மணிக்கு அப்படி ஆகவில்லை. பெரியவர் புதன்கிழமை விடியற்காலையில் போனார். குழாய்களை எடுத்து, புண்ணைக் கடைசியாக ஒரு முறை சுத்தமாகக் கட்டிவிட நான் போனபோது, மணியைப் புளியமரத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். ஆட்கள் வருவார்கள், கடித்துவிடும் என்று. அது கயிற்றை இழுத்துக்கொண்டு கத்துகிற கத்தலில் ஒப்பாரி வைக்கிறவர்களே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். “அவுத்து விடுங்க தம்பி, அது அவர ஒரு தடவ பாக்கட்டும்” என்றேன். சொந்தக்காரர் ஒருவர் சத்தம் போட்டார், பிணத்தை நாய் தொடக்கூடாது என்று. மகன் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்து, கையில் பிடித்துக்கொண்டு கூட்டி வந்தார். மணி முதலில் கையை முகர்ந்தது. அப்புறம் முகத்தை, கட்டுப் போட்டிருந்த கன்னத்தை, ரொம்ப நேரம். மூக்கை அவர் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. பிறகு தானாகவே திரும்பிப் போய்ப் பந்தக்காலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அதன் பிறகு கத்தவில்லை. சாப்பிடத்தான் சில நாள் ஆனது.

சாவு என்பது என்னவென்று அதற்குப் புரிந்ததா? இதில் எனக்குக் குழப்பம் உண்டு. குழப்பத்துக்குக் காரணம் எங்கள் வீட்டு மாடு. அப்பா கறவை வைத்திருந்தார். ஒரு முறை கன்று பிறந்து சில நாளில் செத்துவிட்டது. கன்று இல்லாமல் மாடு பால் இறக்காது. அந்தக் காலத்து வழக்கப்படி கன்றின் தோலை உரித்து, காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்துக் கொண்டுவந்து மாட்டின் முன்னால் வைத்தார்கள். கண்ணில்லை, மூச்சில்லை, நான்கு குச்சிகள்தான் கால். மாடு அதை முகர்ந்தது. நக்கியது. மடியில் பால் இறங்கியது. அப்பா கறந்தார், அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாள். தோல் காய்ந்து வாடை மாற மாற, நக்குவதும் குறைந்துகொண்டே வந்தது. மாட்டுக்குக் கன்று என்பது அந்த வாடையாகத்தான் இருந்திருக்கிறது. வாடை இருக்கிறவரை கன்றும் இருந்தது.

ஆகவே விலங்குக்குச் சாவு என்பது ஒரு நொடியில் நடப்பதாக இல்லாமல் இருக்கலாம். மூச்சு நின்றதை அது உணரும், உடம்பு குளிர்ந்ததை உணரும். ஆள் இனி வரவே மாட்டார் என்பது அவர் வாடை வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போதுதான் அதற்குள் இறங்கும்போல. பெரியவரின் போர்வையை உடனே துவைக்க வேண்டாம், கொஞ்ச நாள் மணிக்கே விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னது இதனால்தான். சாவு வீட்டில் துணியைத் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம். ஒரே ஒரு துண்டையாவது நாய் படுக்கிற இடத்தில் வையுங்கள் என்று எல்லா வீட்டிலும் கேட்டுக்கொள்கிறேன்.

துக்கம் அதற்கு உண்டு, அதில் தயக்கமே வேண்டாம். இத்தாலியில் இரண்டு நாய் வளர்த்து ஒன்றைப் பறிகொடுத்த 426 பேரிடம் கேட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், மிஞ்சிய நாயின் நடவடிக்கை மாறியது என்று 86 சதவீதம் பேர் சொன்னார்கள். விளையாட்டு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, வீட்டு ஆளையே சுற்றிச் சுற்றி வந்தது. 2021இல், கொரோனா காலத்திலேயே, கேரளத்தின் கோட்டயம் பகுதியில் பிரம்மதத்தன் என்ற யானையைப் பல கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு வந்து, இறந்துபோன அதன் பாகனின் முகத்தைக் காட்டினார்கள். யானை தும்பிக்கையை உயர்த்தி நின்ற அந்தக் காணொளியைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. கூட்டி வந்த அந்த வீட்டுக்காரர்களைத்தான் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். யானைக்கே காட்ட முடிகிறது என்றால் ஒரு நாயை அவிழ்த்து விட நமக்கு என்ன தடை?

செவிலியராகச் சில விஷயங்களைச் சொல்லாமல் விட முடியாது. நாய் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் திறந்த புண்ணை நக்க விடாதீர்கள். படுக்கைப்புண்ணை எப்போதும் கட்டி மூடி வையுங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி வருடாவருடம் போட்டிருக்க வேண்டும், அரசு கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள். குழாய் மாட்டியிருப்பவரின் கட்டிலில் பூனை ஏறினால் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் போன பிறகு நாய் சோறு தின்னாவிட்டால் ஓரிரு நாள் பொறுக்கலாம், ஆனால் தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் பொறுக்கக் கூடாது, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாடு என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் செய்யுங்கள். வேளாவேளைக்குச் சோறு வைக்கிற ஆளும் இடமும் மாறாமல் இருந்தால் சீக்கிரம் தேறும்.

இந்த விஷயத்தில் மனிதர்களும் விலங்குக்குக் குறைந்தவர்கள் இல்லை. சாகப்போகிறோம் என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று: “பிள்ளைங்க எப்படியும் பொழச்சுக்குவாங்க சிஸ்டர். இது என்ன பண்ணும்?” ஆரம்பத்தில் சமாதானமாக ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. யாரிடம் விட்டால் உங்களுக்கு நிம்மதி என்று அவர்களிடமே கேட்கிறேன். சொன்ன ஆளைக் கூப்பிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, “நான் பாத்துக்கிறேன்” என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வைக்கிறேன். மகனாக இருக்கும், சில சமயம் எதிர்வீட்டுப் பள்ளிக்கூடப் பெண்ணாக இருக்கும். அடுத்த முறை போகும்போது ராத்திரி எப்படித் தூங்கினார் என்று கேட்பேன். மாத்திரை அளவைக் கூட்டாத நாளாக இருந்தும், நன்றாகத் தூங்கினார் என்று பல வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள்.